பேராச்சி கேட்ட சிரிப்பு

பேராச்சி கூப்பிட்டால் மாகிம் ஸ்டேஷனில் நிற்கிற வண்டி, கார்டு கொடி காட்டும் முன்னாலேயே கிளம்பிவிடும். அப்படிப்பட்ட தொண்டை. தாராவியில் எங்கள் சந்துக் குழாயடியில் அவள் சண்டைக்கு வந்து நின்றால் தண்ணீர் பயந்துபோய்க் குழாய்க்குள்ளேயே திரும்பிவிடும். கையும் லேசுப்பட்டதல்ல. மாட்டுங்காவில் மூன்று வீடுகளில் பாத்திரம் தேய்த்தாள். அவள் தேய்த்த செம்பில் முகம் பார்த்துச் சவரம் செய்துகொண்ட ஆபீஸ்காரர்கள் அந்தத் தெருவில் உண்டு.

இப்பேர்ப்பட்ட பொம்பளை, வியாழக்கிழமை சாயங்காலம் ஆனால் மட்டும் ஈரத்தில் நனைந்த பட்டாசு மாதிரி அடங்கிவிடுவாள். அப்துல் ரவூப்பின் டீக்கடை வாசலில், ரேடியோவுக்குப் பக்கத்துப் பெஞ்சின் ஓரத்தில், கையை மடியில் வைத்து உட்கார்ந்திருப்பாள். யாராவது டீயை உறிஞ்சினால்கூட முறைப்பாள்.

ரவூப் அண்ணாச்சிக்கு ஊர் மேலப்பாளையம். அவருடைய ரேடியோ ஒரு சின்ன பீரோ அளவு இருக்கும். முன்பக்கம் பச்சையாக ஒரு விளக்குக் கண். கூரைமேல் நீட்டிக் கட்டிய கம்பியில் காக்கா உட்கார்ந்தால் சிலோன் ஸ்டேஷன் ஜெர்மனிக்குப் போய்விடும். அதனால் வியாழக்கிழமைகளில் காக்கா விரட்டுவதற்கென்றே ஓர் ஆள் கூரைமேல் நிற்பான். இவ்வளவு ஏற்பாடும் 'நாலாம் நம்பர் வீடு' என்கிற நாடகத்துக்காக. சிலோனிலிருந்து வாரம் ஒரு தடவை வரும். புருசன் ஏகாம்பரம், பெண்டாட்டி கோமளம், வாடகைக்கு விட்ட ஹவுஸ் ஓனர் ஒருத்தர். மூன்று பேரும் சண்டை போடுவார்கள். நடுநடுவே ரேடியோவுக்குள் ஒரு கூட்டம் கொல்லென்று சிரிக்கும். அவ்வளவுதான் நாடகம்.

ஆனால் அங்கிருந்து ஒரு நாடகமாகக் கிளம்பியது, எங்கள் சந்தில் இறங்கும்போது முப்பது நாடகமாகிவிடும். தோல் ஷாப்பில் வேலை பார்த்த சொரிமுத்து, கோமளம் பேசுவதெல்லாம் நியாயம் என்பான். அவன் வீட்டில் அப்படிச் சொன்னால்தான் சோறு. அடுத்த கோலியில், அதாவது அடுத்த ஒற்றை அறையில், இருந்த ஆறுமுகத்தாய்க்கு ஏகாம்பரம் ஒரு மகான்.

"பெண்டாட்டி தட்டத் தூக்கி எறியுதா, அந்த மனுசன் 'சத்தம் நல்லாருக்கு கோமளம்'னு சொல்லுதாரே. எங்க வீட்டுல ஒண்ணு இருக்கே, சோத்துல முடி கெடந்தா முனிசிபாலிட்டிக்கே கேக்குத மாதிரி கத்தும்" என்பாள்.

ரவூப் அண்ணாச்சிக்கு இரண்டு பேரும் வேண்டாம். "ஹவுஸ் ஓனர்தாம்லே நல்ல மனுசன். மூணு மாசம் வாடகை வரல, மரியாதையாத்தான பேசுதாரு?" என்பார். அண்ணாச்சிக்கு அதே சந்தில் இரண்டு கோலி வாடகைக்கு ஓடிக்கொண்டிருந்தது.

நாடகம் முடிந்ததும் இந்த விவகாரம் ராத்திரி சோறு வரைக்கும் போகும். பேராச்சி மட்டும் எந்தக் கட்சியிலும் சேரமாட்டாள். கோமளம் என்ன சொன்னாள், ஏகாம்பரம் எப்படி வழுக்கினான் என்று கேட்டுப்பாருங்கள், ஒன்றும் தெரியாது. அவள் நாடகமே கேட்டதில்லை. கூட்டம் சிரிக்கிறதே, அதைத்தான் கேட்டாள். அதிலும் எல்லாரும் சிரித்து ஓய்ந்த பிறகு தனியாக வருகிற ஒரு சிரிப்பை.

அது அவள் புருசன் தளவாயின் சிரிப்பு.

தளவாய் கிண்டல் தாமதமாகப் புரிகிற ஜாதி. கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழன் சொன்ன ஒரு கேலிக்குத் தாலி கட்டும்போது சிரித்தவன். முதலில் எண்ணெய் காணாத கதவு மாதிரி ஒரு கீச்சு வரும். பிறகு மூச்சே இருக்காது. ஆள் போய்விட்டானோ என்று நாம் பதறும்போது 'ஹேஹ்ஹே' என்று மூக்கு வழியாக உடைப்பெடுக்கும். தாராவியிலிருந்து திருநெல்வேலி வரைக்கும் சல்லடை போட்டுத் தேடினாலும் அப்படி இன்னொன்று கிடைக்காது.

அவன் இங்கே தோல் ஷாப்பில்தான் இருந்தான். கையெல்லாம் தோல் ஊறவைக்கிற சுண்ணாம்பு அரித்துப் புண்ணானதால், கொழும்பில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த தாய்மாமாவிடம் போனான். வருசத்துக்கு ஒரு தடவை வருவான். அறுபத்து நாலாம் வருசம் மார்கழியில் வருகிறேன் என்று ஊர்க்காரர் ஒருத்தரிடம் சொல்லியனுப்பினான். தலைமன்னாரிலிருந்து கப்பல் ஏறி, தனுஷ்கோடியில் இறங்கி, ரயில் பிடித்து வரவேண்டும். அந்த மார்கழியில்தான் தனுஷ்கோடியைப் புயல் கொண்டுபோனது. ரயிலும் போனது, ஊரும் போனது. "பய கடையிலேர்ந்து கெளம்பிட்டான்" என்று மாமா சொல்லியனுப்பினார். அதற்குமேல் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

பேராச்சியின் அண்ணன் நெல்லையப்பன், செம்பூர்ப் பக்கம் ஒரு ஒர்க்‌ஷாப்பில் பிட்டர். திலக் நகரில் குடியிருந்தான். தளவாயும் அவனும் ஒரே வாய்க்காலில் குதித்து வளர்ந்தவர்கள். தங்கச்சியைக் கட்டி வைத்ததே அவன்தான். அவன் ராமேஸ்வரம் வரைக்கும் போய், கேட்கிற ஆளையெல்லாம் கேட்டுவிட்டுத் திரும்பி வந்தான். வந்தவன் தங்கச்சி முகத்தைப் பார்க்காமல் செருப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"மச்சான் போயிட்டாரு பேராச்சி. அமாவாசைக்கு எள்ளுந் தண்ணியும் எறைக்கணும். இல்லன்னா தவிச்சிக்கிட்டே கெடப்பாரு."

எள்ளுந் தண்ணியும் இறைப்பதென்றால் கூடவே தாலியைக் கழற்றுவதும்தான்.

"எண்ணே, சோக்குக்கே பிந்திச் சிரிக்கவுக கப்பலுக்கு மட்டும் நேரத்துக்குப் போயிருப்பாவளா? விட்டுருப்பாவ. அங்கனயே எங்கயாவது நிப்பாவ" என்றாள் பேராச்சி.

சுற்றி நின்றவர்களுக்குச் சிரிப்பு வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் அது தொண்டையிலேயே நின்றுவிட்டது. நெல்லையப்பன் அதற்குப் பிறகு ஒவ்வொரு அமாவாசைக்கும் வந்து கேட்பான். அவள் ஒவ்வொரு தடவையும் அதே கப்பலைத் தளவாய்க்குத் தவறவிட்டாள்.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு வியாழக்கிழமை, குழாயடியிலிருந்து குடத்தோடு வந்தவள் டீக்கடை வாசலில் அப்படியே நின்றாள். ரேடியோவில் கூட்டம் சிரித்து முடிந்திருந்தது. கீச்சு. மூச்சில்லை. ஹேஹ்ஹே.

குடம் இடுப்பிலிருந்து நழுவி, எங்கள் சந்தில் அன்றைக்கு ஒரு சின்ன வெள்ளம்.

"அவுகதான்! அவுகளேதான்! ரவூப் அண்ணே, அந்தப் பொட்டியத் தொறங்க!"

பெட்டியைத் திறந்தால் உள்ளே பல்பும் தூசியும்தான் இருக்கும் என்று அண்ணாச்சி சத்தியம் செய்து அவளை உட்காரவைத்தார். அடுத்த வாரம் சந்தே திரண்டு வந்து காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தது. தளவாயோடு ஒரே தொட்டியில் தோல் மிதித்த சொரிமுத்துவை நடுவராகப் போட்டோம். சிரிப்பு வந்தது. சொரிமுத்து கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டினான்.

"பக்கா. இது நம்ம தளவாய்தான். எம் முதுகுப் பக்கம் நின்னு இப்படித்தாம்லே சிரிப்பான்."

அவ்வளவுதான், தளவாய் பிழைத்துக்கொண்டான். கொழும்பில் நாடகம் நடக்கிற இடத்துக்கு வாரா வாரம் போய் முன்வரிசையில் உட்காருகிறான் என்று சந்து முடிவு செய்தது. ஏன் வரவில்லை, ஏன் ஒரு சேதியும் இல்லை என்றெல்லாம் கேட்காதீர்கள். புயலில் பயந்து ஞாபகம் போயிருக்கலாம் என்றாள் ஆறுமுகத்தாய். ஞாபகம் போனவனுக்கு வியாழக்கிழமை மட்டும் எப்படித் தெரியும் என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

அண்ணன்காரனுக்கு மட்டும் இது பிடிக்கவில்லை. "செத்த மனுசன் சிரிக்கான்னு ஊர் பூரா கூத்தடிக்கியளா? அந்தக் கடையில நான் காலு வைக்கமாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். ஒரு தடவைகூட வந்து அந்தச் சிரிப்பைக் கேட்கவில்லை.

பேராச்சிக்குக் கவலையில்லை. வியாழக்கிழமை தலைக்குக் குளித்தாள். மாட்டுங்காவிலிருந்து கனகாம்பரம் வாங்கி வந்து வைத்துக்கொண்டாள். அவள் கணக்கில் தளவாய் சும்மா சிரிக்கவில்லை. கோமளம் புருசனைத் திட்டி முடிக்கிற இடத்தில்தான் அவன் சிரிக்கிறான். இவள் திட்டியதை நினைத்துக்கொண்டு சிரிக்கிறான். "நான் ஏசினதையெல்லாம் இப்பத்தான் யோசிச்சிப் பாத்துச் சிரிக்காவ. அதான் சொன்னனே, அவுகளுக்கு எதுவும் பிந்தித்தான் வெளங்கும்" என்பாள். நாங்கள் டீயைக் குடித்தோம்.

கெட்டது எப்போது என்றால், சந்துக்குக் காது கூர்மையானபோதுதான். தளவாயின் சிரிப்பு முடிந்ததும் ஒரு பொம்பளை 'ஹக், ஹக்' என்று இருமுவதை ஆறுமுகத்தாய் கண்டுபிடித்தாள். அடுத்த வாரமும் இருமல். அதற்கடுத்த வாரமும்.

"எப்பவும் இவுக சிரிச்சதும் இருமுதாளே, பக்கத்துலயேதான் உக்காந்திருக்கா" என்றாள்.

"வாரா வாரம் பக்கத்துல உக்காருதவ யாரா இருக்கும்?" என்றான் சொரிமுத்து. சொல்லிவிட்டு நாக்கைக் கடித்தான்.

அதற்குள் சந்து முழுக்கத் தளவாய்க்கு இரண்டாம் கல்யாணம் நடந்து முடிந்துவிட்டது. இருமலை வைத்து அவளுக்கு நாற்பது வயசு என்றார் ரவூப் அண்ணாச்சி. நெஞ்சுச் சளி என்றாள் ஆறுமுகத்தாய். குட்டையானவள் என்று ஒருத்தர் சொன்னார்; இருமலில் உயரம் எப்படித் தெரிந்ததோ. பேராச்சி எழுந்து நின்று, சிலோன் தீவே இரண்டு அங்குலம் நகர்ந்துபோகிற மாதிரி ரேடியோவைப் பார்த்து ஏசினாள். அடுத்த வியாழக்கிழமை வந்தாள், ஆனால் பெட்டிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். சிரிப்பு வந்தபோது முதுகு மட்டும் லேசாக நிமிர்ந்தது.

இரண்டு மூன்று வாரம் போனபிறகு, எங்கேயோ பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"இப்படி இருமுதாளே பாவி. அவளுக்கு யாராவது ஒரு தூதுவள ரசம் வச்சுக் குடுக்கக் கூடாதா? அவுகளுக்கும்லா ஒட்டிக்கிடும்?"

"மதினி, உமக்குக் கோவமே இல்லையா?" என்றாள் ஆறுமுகத்தாய்.

"இருக்குட்டி. ஆனா இருமுதவ பக்கத்துல உக்காந்திருக்கவுக உசிரோடதான இருக்காவ? எவகூடயோ இருக்கட்டும். இருக்கட்டும்."

அந்தக் கடைசி 'இருக்கட்டும்' மாகிம் ஸ்டேஷனுக்குக் கேட்கவில்லை. பக்கத்திலிருந்த எனக்கே பாதிதான் கேட்டது.

மனசில் கிடந்ததை அவள் மாட்டுங்கா வீட்டில் விஜயலக்ஷ்மி மாமியிடம் சொல்லியிருக்கிறாள். மாமி காப்பி ஆற்றிக்கொண்டே கேட்டாள். அவளுடைய வீட்டுக்காரர் சந்திரமௌலி, ஆபீஸ்கள் இருக்கிற கோட்டைப் பக்கம் ரேடியோ விளம்பரமும் நாடகமும் தயார் பண்ணுகிற ஒரு கம்பெனியில் கணக்கர். பேப்பருக்குப் பின்னாலிருந்து அவர் சிரித்தார். நல்ல மனுசர். ஆறுதல் சொல்லத்தான் வாயைத் திறந்தார்.

"அடடா, இதுக்கா இப்படி மறுகிண்டிருக்கே? சக்களத்தியும் இல்லே ஒண்ணும் இல்லே. அது இசைத்தட்டு பேராச்சி! சிரிப்பை ஒரு தட்டுலே பிடிச்சு வெச்சிண்டுடுவா. ஜோக் வர எடத்துலே முள்ளைத் தூக்கி வெப்பா. எங்க ஆபீஸ்லே நான் கண்ணாலே பாத்திருக்கேனே. அதே சிரிப்பு, அதே இருமல், வாரா வாரம். உங்காத்துக்காரர் பக்கத்துலே யாரோ ஒரு பொம்மனாட்டி ஒரே ஒரு நாள் இருமியிருக்கா, அவ்வளவுதான்."

பேராச்சிக்கு ஒரு மூச்சு நேரம் முகம் மலர்ந்ததாம். சக்களத்தி இல்லை. அடுத்த மூச்சில் கேட்டாளாம்.

"அந்தத் தட்டு எப்பப் புடிச்சது சாமி?"

"யார் கண்டா? எங்க ஆபீஸ் தட்டு அறுபத்திரண்டுலே பிடிச்சது. இன்னும் அதைத்தான் ஓட்டிண்டிருக்கோம்."

அறுபத்திரண்டு என்றால் புயலுக்கு முன்னால். அன்றைக்கு மாமி வீட்டில் பாத்திரம் பாதியிலேயே கிடந்தது.

அடுத்த வியாழக்கிழமை பேராச்சி தட்டு விசயத்தைச் சொல்லிவிட்டு, எங்களைப் பார்க்காமல் ரேடியோவை மட்டும் பார்த்துக்கொண்டு கேட்டாள். சிரிப்பு, கீச்சு, மூச்சில்லாத இடம், ஹேஹ்ஹே, இருமல். கொஞ்சம் பொறுத்து மறுபடி அதே சிரிப்பு, அதே கீச்சு, அதே இருமல். இத்தனை நாளும் நாங்கள் எல்லாரும் கேட்டதுதான். ஆனால் ஒரே மாதிரி இருக்கிறதே என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. அவன் எப்போதும் ஒரே மாதிரிதானே சிரிப்பான்.

எதற்கும் பதில் வைத்திருக்கும் ஆறுமுகத்தாய்கூட முந்தானையை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

அந்த வாரக் கடைசியில் பேராச்சி திலக் நகருக்கு நடந்தே போனாள். அண்ணன் வாசலில் நின்று, தட்டு விசயத்தையும் சொல்லி, "ஆடி அமாவாசைக்கு நீ சொல்லுதபடியே செஞ்சிருவம்ணே. தாதர் கடற்கரைக்குப் போவம். அவுக தவிக்க வேண்டாம்" என்றாள். நெல்லையப்பன் இத்தனை நாள் இதைத்தான் கேட்டான். கேட்டது கிடைத்ததும் அவனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. உள்ளே போய் அவளுக்கு ஒரு செம்புத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தானாம்.

அமாவாசைக்கு இரண்டு நாள் முன்னால் அவளைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போக வந்தான். அது வியாழக்கிழமை. பேராச்சி ஒரு பையில் இரண்டு சேலையை வைத்து டீக்கடை வாசலில் உட்கார்ந்திருந்தாள். கனகாம்பரம் வைத்திருந்தாள்.

"கெளம்புவமா?" என்றான் நெல்லையப்பன், பெஞ்சிலிருந்து பத்தடி தள்ளி நின்றுகொண்டு.

"இன்னைக்கு ஒரு நா மட்டும் கேட்டுட்டு வாரம்ணே. நீயும் உக்காரு. மழையில ஏன் நிக்க?"

மழை பெய்துகொண்டுதான் இருந்தது. அவன் வேறு வழியில்லாமல் கூரைக்குக் கீழே வந்து பெஞ்சு நுனியில் உட்கார்ந்தான். ரவூப் அண்ணாச்சி கேட்காமலே டீ வைத்தார்.

நாடகம் ஆரம்பித்தது. ஹவுஸ் ஓனர் வந்தார், கோமளம் கத்தினாள், ஏகாம்பரம் என்னமோ சொன்னான். கூட்டம் சிரித்தது. எங்கள் சந்தில் அன்றைக்கு ஒருத்தரும் சிரிக்கவில்லை. கூட்டத்தின் சிரிப்பு ஓய்ந்தது.

கீச்சு.

நெல்லையப்பன் கையிலிருந்த டீ பாதி வழியில் நின்றது.

ஹேஹ்ஹே.

அவன் சட்டென்று திரும்பித் தன் முதுகுக்குப் பின்னால் பார்த்தான். அங்கே சுவர்தான் இருந்தது. சுவரையே கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு ரேடியோவைப் பார்த்தான்.

"ஏ... மச்சான்" என்றான். வாய்க்காலில் முங்கி எழுந்தவன் கூப்பிடுகிற மாதிரி இருந்தது. நாற்பது வயசு ஆம்பளை, லேத் மெஷினைத் தோளில் தூக்குகிறவன், டீயெல்லாம் வேட்டியில் கொட்டுவது தெரியாமல் உட்கார்ந்திருந்தான்.

"தட்டுண்ணே. தட்டுல புடிச்சது. எப்பவோ சிரிச்சது" என்றாள் பேராச்சி மெதுவாக.

"தெரியும். சொன்னியே." அவன் மூக்கைத் துடைத்துக்கொண்டான். "இன்னொரு மட்டம் வருமா?"

"வரும். அந்த ஓனரு கதவத் தட்டுவாரு, பொறவு வரும்."

"சத்தங் காட்டாதிய, எல்லாரும்!" என்று எங்களைப் பார்த்து அதட்டினான். அதுவரை பேசிக்கொண்டிருந்தது அவனும் தங்கச்சியும்தான். ரேடியோவின் பச்சைக் கண்ணுக்கு நேராகக் குனிந்து காதை வைத்தான். ஓனர் கதவைத் தட்டினார். சிரிப்பு வந்தது. இந்தத் தடவை அவன் உதடு கோணிக்கொண்டு, பிறகு தாங்காமல், அவனும் சிரித்தான். அழுகிறானா என்று பார்த்தோம். இரண்டும் இருந்தது. தளவாய் சிரித்தால் கூட இருப்பவன் சும்மா இருக்க முடியாது, எப்போதுமே அப்படித்தான்.

நாடகம் முடிந்து ஏதோ சோப்பு விளம்பரம் போட்டார்கள். பேராச்சி பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"கெளம்புவமாண்ணே? ரயிலுல கூட்டம் ஏறிரும்."

நெல்லையப்பன் எழுந்திருக்கவில்லை. அவள் கையிலிருந்த பையைப் பார்த்தான். கழுத்தைப் பார்த்தான். பிறகு எங்கே பார்ப்பதென்று தெரியாமல் காலி கிளாஸைப் பார்த்தான்.

"நான் எப்படி பேராச்சி எள்ளு எறைப்பேன்?" என்றான். "இப்பத்தான சிரிச்சான்."

"நீதான சொன்ன, தவிச்சிக்கிட்டே கெடப்பாவன்னு."

"சொன்னேன். இந்தச் சிரிப்பச் சிரிக்கவன் தவிக்கவா செய்யுதான்?"

அவள் நின்றாள். பிறகு அண்ணன் பக்கத்தில், பையை மடியில் வைத்தபடியே உட்கார்ந்தாள்.

"வந்தாலும் வருவாவண்ணே. வராமப் போனாலும் போவாவ" என்றாள். "எனக்குத் தெரியல. தெரியாதுன்னே இருந்துட்டுப் போறேன்."

அமாவாசை வந்தது, போனது. தாலி அங்கேயேதான் இருந்தது. நெல்லையப்பன் அதற்குப் பிறகு வியாழக்கிழமை தவறாமல் வந்தான். கோமளம் கட்சியா, ஏகாம்பரம் கட்சியா என்று சொரிமுத்து அவனை இழுத்துப் பார்த்தான். அவனுக்கும் நாடகம் என்னவென்றே தெரியவில்லை. அண்ணனும் தங்கச்சியும் பெஞ்சு ஓரத்தில் உட்கார்ந்து, ஊரெல்லாம் சிரித்து முடிக்கட்டும் என்று காத்துக்கொண்டிருப்பார்கள்.